பழைய வேகம்

யந்திரங்களைப் பற்றி எழுத எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. கதை எழுதிப் பிழைக்கிறவன். கல்லூரிப் படிப்பையும் பாதி வழியில் விட்டவன். ஒரு நாள் எங்கள் வீட்டு மிக்ஸி ஓடாமல் நின்றபோது நான் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "சுவிட்சைப் போட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள். போடவில்லை. அப்பேர்ப்பட்டவன் நாலு வாரம் ஒரு கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்றேன் என்றால் நம்புவீர்களா? அதுவும் அதை வேகமாக ஓட்டுவதற்காக அல்ல. அது உலகத்தில் எல்லோரும் செய்கிற பிரயத்தனம். நான் பாடுபட்டது அதை மெதுவாக ஓட்டுவதற்கு.

விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். பிள்ளையார்பாளையத்தில் வீடு. அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். நடையைத் தாண்டினால் கூடம். கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டிருக்கும். மிச்சப் பாதியில்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது, தூங்கியது, வந்தவர்களை உட்கார வைத்துப் பேசியது. காஞ்சிபுரத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. அந்தத் தெருவில் நடந்து போனால் இரண்டு பக்கமும் 'டக், டக்' என்று கூடவே வரும். ஒரு தறி நின்றால் எந்த வீட்டுத் தறி நின்றது என்று தெருவுக்கே தெரியும்.

1996-ஆம் வருஷம் லீவில் நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போனோம். அந்த நாளில் எந்த ஊரிலும் ஏதாவது ஒரு மாடிப்படி ஏறினால் அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். உள்ளே ஏ.சி. போட்டிருக்கும். நாங்கள் ஜன்மத்தில் பார்த்த முதல் ஏ.சி. அதுதான். கோயில் சந்நிதிக்கு அடுத்தபடியாக நாங்கள் வெறுங்காலோடு, குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்ற இடம் அது என்று சொல்லலாம். என் அப்பாவுக்கு அந்தப் பணம் பெரிதில்லை. அவன் அப்பா கூலியில் முன்பணம் வாங்கிக் கட்டினார். "என்னோட போகட்டும் இந்தக் குழி. நீ மேல உட்கார்ந்து வேலை பாரு" என்று சொல்லித்தான் அனுப்பினார். தறிக்காரர் காலைத் தொங்கவிட்டு உட்காருவது குழிக்குள் அல்லவா? அதைத்தான் சொன்னார்.

நாலு கம்ப்யூட்டர்கள் இருந்தன. 386 என்று பெயர். வட்டாட்சியர் அலுவலக பீரோவைப் போலக் கனத்த பெட்டி. அதன் முகப்பில் சிவப்பாக '33' என்று எண் எரியும். பக்கத்தில் 'டர்போ' என்று ஒரு பொத்தான். இந்தப் பொத்தான் பின்னால் வரப் போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கற்றுக்கொண்டது விளையாட மட்டுந்தான். அந்தக் காலத்து டாஸோடு கியூபேசிக் என்று ஒன்று வரும். அதோடு இரண்டு விளையாட்டுகள் இனாம். ஒன்றில் இரண்டு மனிதக் குரங்குகள் மாடி வீடுகளின் மேல் நின்று ஒன்றையொன்று வாழைப்பழத்தால் அடித்துக்கொள்ளும். மற்றதில் ஒரு பாம்பு எண்களைத் தின்று தின்று நீண்டுகொண்டே போகும். இவற்றில் ஒரு விசேஷம், வயிற்றைத் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். நான் வாழைப்பழம் எறிந்துகொண்டிருந்த நேரத்தில் என் சிநேகிதன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்தில் தானே ஒரு விளையாட்டு எழுதிவிட்டான். பெயர், தறி.

திரை முழுக்க ஒரு பட்டுச் சேலை. இரண்டு ஓரமும் சிவப்பு, உடல் பச்சை. நாடா இடமிருந்து வலம் போகும். வலது கைக்காரன் அது வந்து சேருகிற சமயம் பார்த்து ஒரு விசையை அழுத்தி வாங்கி, திருப்பிப் போட வேண்டும். முந்திக்கொண்டாலோ பிந்திவிட்டாலோ 'நூல் அறுந்தது' என்று வந்து ஆட்டம் முடிந்துவிடும். இருபது இழை ஓடினால் திரை நிரம்பி முந்தானை வரும். இரண்டு பேர் ஆடலாம், கோர்வைத் தறியில் இரண்டு பேர் உட்காருகிற மாதிரி. யாரும் விசையைத் தொடாமல் விட்டால் தறி தானே 'டக், டக்' என்று நெய்துகொண்டிருக்கும். சென்டரில் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். மாஸ்டர் கூடத் தட்டிக் கொடுத்தார்.

வீட்டில் நடந்தது வேறு. அவன் ஆசையாகப் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறி எழுந்துவிட்டாராம். "தறியை விட்டு வெளியே போடான்னு அனுப்பினா, அங்கேயும் போய்த் தறியைத்தான் போட்டியா?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் வீட்டில் எடுக்கவில்லை. சென்டருக்கு வந்து பார்க்கும்படி அவரைக் கூப்பிடவும் இல்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவன் கம்ப்யூட்டர்க்காரனாக ஆகவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தான், கல்யாணம் செய்துகொண்டான், பையன் பிறந்தான். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டான். எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான் அந்த வீட்டிலும் நடந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

போன வருஷம் அவர் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். முழங்கால் போய், தறியை எடுத்து, குழியை மூடி டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாக ஒரு பிளாப்பியைக் கையில் கொடுத்தார். அவன் கையெழுத்தில் தறி என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"தம்பி, இதுல அவன் போட்ட தறி இருக்கா பாருப்பா. ஒரு தடவை பார்த்துடறேன்" என்றார்.

எங்கள் ஊரில், 40 வருஷத்துக்கு ஒரு தடவை அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதரை எழுந்தருளப் பண்ணுகிறார்கள். 1979-ல் வந்தவர் 2019-ல் வந்தார். 40 வருஷம் தண்ணீருக்குள் இருந்தும் திருமேனி அப்படியே இருந்ததைக் கண்டு ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மனிதன் செய்த பிளாப்பிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அலமாரியில் சும்மா கிடந்தாலே பூஞ்சை பிடித்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் தேடி, இன்றைய கம்ப்யூட்டரில் செருகக்கூடிய ஒரு பிளாப்பிப் பெட்டியை வாங்கி வந்தேன். மூன்றாவது தடவை கரகரவென்று படித்துக் கொடுத்தது. அதையே பெரிய அநுக்கிரகமாக நினைத்தேன். சிரமம் அப்புறந்தான் ஆரம்பித்தது.

என் அக்காள் மகன் இஞ்சினீயரிங் படிக்கிறான். இந்தக் காலத்து 64 பிட் விண்டோஸ், பழைய டாஸ் சமாசாரங்களை வாசற்படியிலேயே நிறுத்திவிடும் என்று அவன்தான் சொன்னான். அதற்கு மாற்று, டாஸ்பாக்ஸ். 2002-ல் முதலில் வெளிவந்தது, இனாமாகவே கிடைக்கிறது. புதுக் கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பாவனையாகக் கட்டிவிடுகிறது. பழைய விளையாட்டு தான் இருப்பது பழைய வீடுதான் என்று நம்பி ஓடும். பையன் அதைப் போட்டான். வேகம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு கேள்வி வந்தது. 'மேக்ஸ்' என்று கொடுத்தான். இந்தப் பிராயத்துப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் மேக்ஸ்தான் கொடுக்கிறார்கள்.

நான் சரிபார்க்காமல் அப்படியே லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். குழி இருந்த இடத்தில், டைல்ஸ் மேல், ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்தேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மருமகளும் பேரனும் பின்னால் நின்றார்கள்.

விசையை அழுத்தினேன். நாடா கண்ணுக்கே தெரியவில்லை. பச்சையும் சிவப்பும் ஒரு தடவை மின்னின; சேலை முடிந்தது; இன்னொரு சேலை; இன்னொன்று. 'டக், டக்' எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி 'டர்ர்ர்' என்று ஒரே சத்தம். பேரன் விசையை அழுத்தப் போனான். விரல் படுவதற்குள் நூல் அறுந்துவிட்டது.

பெரியவர் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது பவர்லூம்டா தம்பி" என்றார். அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

கைத்தறிக்காரரிடம் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைத்தறிக்கென்று சில துணிகளை ஒதுக்கி 1985-ல் மத்திய சர்க்கார் சட்டமே போட்டது. அந்தப் பட்டியலில் இருப்பதையும் விசைத்தறியில் நெய்து சந்தைக்குக் கொண்டுவருகிறவர்களைப் பற்றித்தான் அந்தத் தெருவின் பாதிப் பேச்சு. மகன் விட்டுப்போனது அந்தச் சத்தம் என்று அவர் நினைத்துவிட்டாரே என்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஏன் இப்படி ஓடுகிறது? அக்காள் மகனைக் கேட்டேன். அவன் விளையாட்டின் வயிற்றைத் திறந்து காட்டினான். அதில் ஒரு வரி: 1-லிருந்து 900 வரை எண்ணு. எண்ணி என்ன செய்ய? ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா எண்ணு. நாடா ஓர் அடி நகர்ந்ததும் 900 எண்ணு, மறுபடி ஓர் அடி, மறுபடி 900. கண்ணாமூச்சி ஆடும்போது குழந்தைகளை எண்ணச் சொல்லுகிறோமே, அதே தந்திரம். அந்த 386 எண்ணி முடிக்கிற நேரம் நாடாவுக்குச் சரியாக இருந்தது. இன்றைய யந்திரம் 900-ஐ எண்ணியதா எண்ணவில்லையா என்றே தெரியாதபடி எண்ணிவிட்டு வந்து நிற்கிறது.

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் பி.சி.யில் இன்டெல் 8088 என்ற சில்லு இருந்தது. அதன் நாடி 4.77 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 47 லட்சத்துச் சொச்சம் துடிப்பு. இன்றைக்கு நம் மேஜையில் இருப்பது வினாடிக்கு 300 கோடி, 400 கோடி என்று துடிக்கிறது. துடிப்பு மட்டுமல்ல, ஒரு துடிப்பில் செய்கிற வேலையும் பன்மடங்கு. பழைய விளையாட்டுக்காரர்களில் பலர் யந்திரத்தின் மந்தத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டுவிட்டார்கள். அது மாறும் என்று தெரியாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர்கள் கண்ணெதிரே இருந்தது ஒரே யந்திரம். 1990-ல் வந்த விங் கமாண்டர் என்ற ஆகாயச் சண்டை விளையாட்டைப் பிற்காலத்து யந்திரங்களில் ஓட்டினால், எதிரி விமானங்கள் கொசு மாதிரி பறந்து, சுடுவதற்குள் நம்மைத் தீர்த்துக்கட்டிவிடும்.

மந்தத்தால் லாபம் அடைந்தவர்களும் உண்டு. 1978-ல் ஜப்பானில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்தது. வேற்றுக் கிரகத்துப் பூச்சிகள் வரிசை வரிசையாக இறங்கி வரும். சுடச் சுட, மிச்சம் இருப்பவை வேகம் பிடிக்கும். ஆடுகிறவனுக்கு மார்பு படபடக்கும். அதைச் செய்த நிஷிகாடோ முதலில் இப்படி ஏற்பாடு செய்யவில்லை. எல்லாப் பூச்சிகளையும் வரைந்து முடிக்க அந்தச் சில்லு திணறியது. பூச்சிகள் குறையக் குறைய வேலை குறைந்து வேகம் கூடிவிட்டது. நன்றாக இருக்கிறதே என்று அவர் அப்படியே விட்டுவிட்டார். நோஞ்சான் யந்திரத்தின் மூச்சுவாங்கலே விளையாட்டின் ருசியாகிப் போயிற்று.

சரி, யந்திரத்தின் வேகத்தை முதலில் அளந்து பார்த்துவிட்டு அதற்குத் தக்கபடி எண்ணினால் என்ன என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தார்கள். நாங்கள் ஆடிய பாம்பு விளையாட்டு, ஆரம்பத்திலேயே 1,000 வரை சும்மா எண்ணி, எத்தனை நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்க்கும். அந்த நேரத்தால் வகுத்துத் தன் வேகத்தைத் தீர்மானிக்கும். நல்ல யோசனைதான். புது யந்திரத்தில் என்ன ஆகிறது? 1,000 எண்ணியும் கடிகார முள் அசையவில்லை. ஆன நேரம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கப் போய், பாம்பு முட்டையிலேயே செத்துவிடுகிறது. இதே ஆபத்து டர்போ பாஸ்கல் என்ற மொழியில் எழுதிய நூற்றுக்கணக்கான புரோகிராம்களுக்கும் வந்தது. 200 மெகாஹெர்ட்ஸைத் தொட்ட பென்டியம் யந்திரங்கள் வந்ததும், 'ரன்டைம் எரர் 200' என்று ஒரு வரியைக் கக்கிவிட்டு எல்லாம் படுத்தன. அவை அளந்த எண் 65,535-ஐத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் பிடிக்கப் பாத்திரத்தில் இடமில்லை. அளவு பார்க்காதவன் தப்பாக ஓடினான். அளவு பார்த்தவன் ஓடவே இல்லை.

இதற்கு வைத்தியம் இரண்டு விதம். விளையாட்டைத் திருத்துவது ஒன்று. யந்திரத்தைக் கட்டிப்போடுவது மற்றொன்று.

திருத்துவதென்றால், 900 எண்ணு என்கிற வரியை அழித்துவிட்டு, கடிகாரத்தில் இத்தனை நேரம் ஆகும் வரை காத்திரு என்று எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால் எந்த யந்திரத்திலும் ஒரே வேகம். இன்றைக்கு விளையாட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழிக்கு வந்துவிட்டார்கள். வராதவர்களும் இருக்கிறார்கள்: 2011-ல் வந்த ஸ்கைரிம் விளையாட்டில், படம் வினாடிக்கு 60 தடவைக்கு மேல் மாறினால் மேஜைமேல் இருக்கிற தட்டுமுட்டுச் சாமான்கள் தாமாகத் துள்ளிப் பறக்குமாம். 60-க்கு மேல் போகாதபடி ஒரு கட்டுப்பாடு போட்டால் அடங்கிவிடும்.

அக்காள் மகன் திருத்தத்தான் சொன்னான். "ரெண்டே வரி, மாமா. அஞ்சு நிமிஷம்." திருத்தப் போகிற சாக்கில் வேறொன்றும் கண்டுபிடித்தான். நாடா வலது ஓரத்தைத் தொட்டதும் மட்டும் இன்னொரு 900 கூடுதலாக எண்ணச் சொல்லியிருந்தது. இடது ஓரத்தில் அது இல்லை. "இது வேஸ்ட் மாமா. தப்பா ரெண்டு தடவை அடிச்சிருக்கார். தூக்கிடவா?" என்றான். வேண்டாம் என்றேன். எனக்கும் அது பிழையாகத்தான் பட்டது. ஆனால் அது அவன் எழுதியது. நானும் எழுதுகிறவன், நான் போன பிறகு எவனாவது வந்து என் வரியைத் தூக்கினால் எனக்கு எப்படி இருக்கும்? அதனால் எழுத்தில் கை வைப்பதில்லை என்று தீர்மானம் செய்தேன். கட்டிப்போட வேண்டியது யந்திரத்தைத்தான்.

கட்டிப்போடுவதிலும் பழைய முறை, புது முறை உண்டு. அந்த நாளில் மோஸ்லோ என்று ஒரு சின்னப் புரோகிராம் இருந்தது. யந்திரத்தின் நேரத்தில் பெரும் பகுதியை வெட்டி வேலையில் இழுத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் விளையாட்டுக்கு விடும். டாஸ்பாக்ஸில் இன்னும் நேர்த்தி. ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இத்தனை கட்டளைதான் நிறைவேற்றலாம் என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட வேண்டியது. சைக்கிள் என்கிறார்கள். பழைய 8088-க்கு சுமார் 300 சைக்கிள். 33 மெகாஹெர்ட்ஸ் 386-க்கு சுமார் 6,000. ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் விசையோடு எஃப்11-ஐ அழுத்தினால் குறையும், எஃப்12-ஐ அழுத்தினால் கூடும். என்ன எண்ணில் ஓடுகிறது என்று ஜன்னலின் நெற்றியிலேயே எழுதியிருக்கும். ரேடியோ குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரிதான். என்ன ஸ்டேஷன் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

அது தெரியவில்லை. 6,000 என்று போட்டுவிடலாம் என்றால், அந்த டர்போ பொத்தான் குறுக்கே வந்து நின்றது.

டர்போ என்றால் வேகம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதை வைத்ததே வேகத்தைக் குறைக்கத்தான். பழைய விளையாட்டுகள் புது யந்திரத்தில் தலைதெறிக்க ஓடுகின்றன என்று அன்றைக்கே புகார் வந்துவிட்டது. பொத்தானை எடுத்துவிட்டால் யந்திரம் வேண்டுமென்றே நொண்டும். 33 ஓடுகிற யந்திரம் 16 அல்லது இன்னும் குறைவாக ஓடும். நொண்டிப் பொத்தான் என்று பெயர் வைத்தால் விற்குமா? டர்போ என்று வைத்தார்கள். இன்னொரு வேடிக்கை: முகப்பில் சிவப்பாக எரிந்த அந்த '33' எதையும் அளந்து சொன்னதல்ல. பெட்டியைப் பூட்டுகிறவர் உள்ளே சில சின்ன ஊசிகளை இணைத்து, இந்த எண் தெரியட்டும் என்று வைத்துவிடுவார். 99 என்று வைத்தாலும் தெரியும். நாங்கள் வெறுங்காலோடு நின்று தரிசித்தது அந்த எண்ணைத்தான்.

ஆகையால் கேள்வி இது: அவன் அந்தத் தறியை எழுதியபோது டர்போ போட்டிருந்ததா, இல்லையா? போட்டிருந்தால் 6,000. எடுத்திருந்தால் ஏறக்குறைய அதில் பாதி. நான் எத்தனை கண்ணை மூடி யோசித்தும் பொத்தான் உள்ளே அமுங்கியிருந்ததா வெளியே துருத்தியிருந்ததா என்று ஞாபகம் வரவில்லை. குரங்கும் வாழைப்பழமும் ஞாபகம் இருக்கிறது. மாஸ்டர் சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனா ஞாபகம் இருக்கிறது. சென்டர் இருந்த மாடியில் இப்போது வேறு கடை. நாலு வாரம் ஒவ்வோர் எண்ணாகப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரு நாள் 5,000 சரியென்று படும். மறுநாள் அதுவே அவசரமாகத் தோன்றும். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தின வேகத்தை மனசில் வைத்திருக்கிறோம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பிரமைதான். பார்த்த படம் நினைவிருக்கும். அது எத்தனை சாவகாசமாக நகர்ந்தது என்பது நினைவிருக்காது.

கடைசியில், எனக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடமே போவோம் என்று மறுபடி லாப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்காள் மகனும் கூட வந்தான். பெரியவருக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. "அதான் பார்த்தாச்சேப்பா" என்றார். இருந்தாலும் ஸ்டூலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

முதலில் 6,000. இந்தத் தடவை நாடா கண்ணுக்குத் தெரிந்தது. 'டக், டக்' என்று தனித்தனியாகக் கேட்டது. பேரன் குஷியாகிவிட்டான். பெரியவர் திரையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தறிதான். ஆனா கோர்வை இந்த ஓட்டம் ஓடாது. ஓரம் ஒரு நாடா, உடல் ஒரு நாடா, அந்த ஓரம் ஒரு நாடா, மூணும் பின்னிக்கிட்டுப் போகணும். இது எவனோ ஒத்தை ஆளு வெறும் சேலை நெய்யறான்" என்றார்.

அக்காள் மகன் எஃப்11-ஐ அழுத்த ஆரம்பித்தான். 4,800. "இன்னும்." 3,840. பெரியவருடைய வலது கால் டைல்ஸ் மேல் மெல்ல அசைந்தது. ஜக்கார்டு போட்ட தறியில், கால் மிதித்தால்தான் மேலே அட்டை ஒன்று திரும்பும். மிதிக்காவிட்டால் சாயங்காலம் வரை அதே அட்டை காத்துக்கொண்டிருக்கும். அந்தக் கால் அது. இன்னொரு தடவை அழுத்தினான். நெற்றியில் 3,072 என்று வந்தது.

"ரொம்ப மெதுவுப்பா" என்றார். "நான் இப்படி நெய்திருந்தா வீட்டுல உலை வைக்க முடியுமா?"

பையன் எஃப்12-க்கு விரலைக் கொண்டுபோனான்.

"இரு, இரு."

கேட்டுக்கொண்டே இருந்தார். நாடா வலது ஓரத்துக்குப் போய், ஒரு கணம் நின்று, திரும்பி வந்தது. போய், நின்று, திரும்பி வந்தது.

"அந்தப் பக்கம் நிக்குதே, அதை யார் வெச்சது?" என்று கேட்டார்.

"அவன்தான் வெச்சிருக்கான்" என்றேன். அக்காள் மகன் என்னைப் பார்த்தான்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் மருமகளைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல. "ஒம்போது வயசு அவனுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து வலது பக்கம் உட்காருவான். சின்னக் கை. நாடாவை வாங்கித் திருப்பிப் போட நேரம் ஆகும். அதுக்காகவே நான் மிதியை நிறுத்தி நிறுத்தி மிதிப்பேன். முதலாளி ஆளு வந்து, ஏன் சேலை இத்தனை நாள் ஆகுதுன்னு கேட்பான். நூல் சரியில்லைன்னு சொல்லிடுவேன்."

சின்னப் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்தது சரியா என்று கேட்டால், சரியில்லைதான். அவருக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் கூலியில் முன்பணம் வாங்கிக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பினார்.

ஆக, டர்போ எடுத்துத்தான் இருந்திருக்கிறது. அக்காள் மகன் டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பைத் திறந்து, இனி எப்போது திறந்தாலும் 3,072-லேயே ஓடும்படி எழுதி வைத்தான். அந்தக் கூடுதல் 900-ஐப் பற்றி அவன் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. லாப்டாப்பை இரண்டு நாள் அங்கேயே விட்டுவிட்டுப் போகும்படி பேரன் கெஞ்சினான். சரி என்றேன். தாத்தாவை இடது பக்கம் உட்கார வைத்து, தான் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு ஆட ஆரம்பித்தான். எட்டாவது இழையில் நூல் அறுந்தது. ஆட்டம் முடிந்து, திரை காலியாகிவிட்டது.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா, அறுந்தா அறுந்ததுதானா? முடிச்சுப் போட்டு மேல ஓட்ட வழி வைக்கலையா?"

"வைக்கலை" என்றேன்.

"வைக்க மாட்டான்" என்றார் அவர். "அவனுக்கு முடிச்சு வராது. நான்தான் போட்டுக் குடுப்பேன்."